ட்ரையல் வெள்ளி, டெலிவரி திங்கள்

வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு நைனா முகமது தன் சொந்த வீட்டு ஷெட்டைத் திருடனைப் போலத் திறந்தார். பூட்டின் சாவி மகன் சிராஜிடம் இருந்தது. இவர் கையில் இருந்தது மகனுக்குத் தெரியாமல் கீழவாசலில் வெட்டி வாங்கிய கள்ளச்சாவி. பையன் கடைக்குப் போய்விட்டானா என்று சந்து முனை வரை இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பூட்டில் கை வைத்தார்.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் துப்பறிவாளர் வெள்ளைத்துரை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியே இருபத்திரண்டு வருஷத்தைக் கழித்தவர். எதையும் இரண்டு முறை பார்ப்பார், ஒரு முறைதான் பேசுவார். இன்னொருத்தி அவருடைய உதவியாளர் மீனா. அவர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் இவள் செலவழித்துவிடுவாள்.

"சொந்த வீட்டுக்கே கன்னம் வைக்கிற ஆளை இப்பத்தான்ணே பாக்குறேன்," என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

ஷெட்டுக்குள் இரண்டு வண்டிகள் இருந்தன. உள்பக்கம் உறை போட்டு மூடிய பழைய கார். அதற்கு முன்னால், தரையோடு தரையாகப் படுத்த மாதிரி, புத்தம் புதிய க்ரூஸர் பைக். டேங்க் கன்னங்கரேல் என்று மின்னியது. நம்பர் பிளேட்டில் ஷோரூம்காரர்கள் பூசை போட்டுத் தடவிய மஞ்சள் இன்னும் தேயவில்லை. ஆனால் மற்ற இடமெல்லாம் ஏழு வாரத்தில் ஏகப்பட்ட கை பட்டிருந்தது.

நைனா முகமது தையல் மாஸ்டர். கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துத் தையல் கடையில் முப்பது வருஷம் கத்திரி பிடித்தவர். கடைகளை இடம் மாற்றியபோது குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தவர். ஒரே மகன் சிராஜுக்கு இருபத்து நாலு வயது, அதே கடையில் மெஷின். அவர் சொன்ன விஷயம் இதுதான். ஏழு வாரத்துக்கு முன் பையன் இந்த பைக்கை வாங்கினான். வாங்கிய மூன்றாம் நாளே பிரிக்க ஆரம்பித்தான். கடை விட்டு வந்ததும் ஷெட்டைச் சாத்திக்கொள்வான். ஊருக்குள் ஒரு நாள்கூட ஓட்டியது கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எடுத்துக்கொண்டு எங்கோ போவான், பொழுது சாய மஃரிப் தொழுகைக்குத் திரும்பிவிடுவான். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

"அவன் யாரைப் பாக்கப் போறான், அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கான். இந்த ரெண்டும் எனக்குத் தெரியணும்," என்றார்.

வெள்ளைத்துரை தலையாட்டிக்கொண்டே பைக்கைச் சுற்றி வந்தார். பையனுக்கு முன்னால் ஏதாவது கெட்ட சகவாசம் உண்டா என்று கேட்டார். தகப்பனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"அப்படிப்பட்ட பிள்ளை இல்லைங்க. நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் எங்க கடைக்கு வந்து பாருங்க. தொழுகைக்குத் தவிர மெஷினை விட்டு எந்திரிக்க மாட்டான். இந்த வருசமும் பிறை பாத்தாச்சுன்னு சொல்ற வரைக்கும் தச்சுக்கிட்டே இருந்தான். டெலிவரிக்கு எப்பவும் நான்தான் போறது. அது எங்க வழக்கம்."

சொல்லி முடித்ததும் அவர் ஏனோ சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மீனா அதைக் கவனித்தாள். வயசான மனுஷன், மகனை நினைத்துக் கலங்குகிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளைத்துரை பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்தார். அவர் ஆறடிக்கு ஒரு விரல்கட்டை குறைவு. சீட்டை இரண்டு அங்குலம் அறுத்துத் தாழ்த்தி, புது ரெக்ஸின் போட்டுக் கையாலேயே தைத்திருந்தது. ஓரங்களில் தையல் சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. ஹேண்டில் பாரைப் பின்னுக்கு வளைத்திருந்ததால் அது அவர் தொப்பையைத் தொட்டது. இடது காலை வைக்கும் கம்பி கம்பெனி வைத்த இடத்திலேயே இருந்தது. வலது கால் கம்பி மட்டும் ஒரு சாண் முன்னால் தள்ளியிருந்தது. வலது காலால் மிதிக்கும் பிரேக்கையே காணோம். அதற்குப் பதிலாக இடது கைப்பிடியில் கிளட்சுக்குக் கீழே இன்னொரு நெம்புகோல் முளைத்திருந்தது.

"உங்க பையன் என்ன உயரம் பாய்?"

"உங்க உயரம்தான் இருப்பான்."

"அப்ப இந்த வண்டி அவருக்குத் தச்சது இல்ல."

நைனா முகமது பேச்சை மாற்றினார். பின் சீட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற ரெக்ஸின் உறை ஒன்றைக் காட்டினார். நாலடி நீளம், கைப்பிடி கனத்துக்கு வாய். அருவாள் சொருகத்தானோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை என்றார்.

"நாலடி அருவாளை உருவி முடிக்கிறதுக்குள்ள எதிராளி பஸ் ஏறி ஊருக்கே போய்ச் சேந்துருவான், பாய்," என்றாள் மீனா. ஷெட்டில் வேறு இடம் இல்லாததால் தன் பையைக் காரின் மேல் வைக்கப் போனாள். உறை நழுவி முன்பக்கம் திறந்துகொண்டது. வலது ஹெட்லைட் பழுத்து மஞ்சளாகிப் புகை படிந்து கிடந்தது. இடது ஹெட்லைட் கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

"காருக்கு ஒரு கண்ணுல மட்டும் புரை எடுத்திருக்கீங்க போல. இன்னொண்ணுக்கு எப்ப ஆபரேஷன்?"

யாரும் சிரிக்கவில்லை. நைனா முகமது விறுவிறுவென்று வந்து உறையை இழுத்துவிட்டார். வெள்ளைத்துரையின் பார்வை மட்டும் அந்த இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றது.

கிளம்பும்போது அவர் கதவோரத்து ஆணியைப் பார்த்தார். அதில் ஒரு சீட்டுக் குத்தியிருந்தது. தையல் கடையில் அளவு எழுதும் சீட்டேதான். மூலையில் கருப்பு ரெக்ஸின் துண்டு ஒன்றை மாதிரிக்கு ஸ்டேப்ளர் அடித்திருந்தது. பென்சில் எழுத்து. 'சோ., உ.பட்டி. இடது 38. வலது முட்டிக்குக் கீழ் 5. கை நீளம் 22. ட்ரையல் வெள்ளி. டெலிவரி திங்கள்.'

இது என்ன என்று கேட்டதற்கு, ஏதோ பழைய பில்லு என்றார் நைனா முகமது. அவருடைய தொப்பி அந்தச் சீட்டில் உரசிக்கொண்டிருந்தது.

மீனாவின் ஸ்கூட்டர் விளக்குத்தூண் பக்கத்து டீக்கடையில் நின்றது. வெள்ளைத்துரை வடையைப் பிய்த்துக்கொண்டே, பைக் எப்படிப்பட்ட ஆளுக்கு என்று கேட்டார். மீனா விரல் விட்டு எண்ணினாள். குட்டையான ஆள். கை குட்டை. வலது காலை முழுசாக மடக்க முடியாது, அதனால் நீட்டி வைக்க ஒரு சாண் முன்னால் கம்பி. வலது காலால் மிதிக்க முடியாது, அதனால் பிரேக் கைக்கு வந்தது. நாலடி உறை அருவாளுக்கு இல்லை, கக்கத்தில் வைத்து நடக்கிற ஊன்றுகட்டைக்கு.

"சீட்டுலயே எழுதியிருக்கான்ணே. முட்டிக்குக் கீழ அஞ்சு அங்குலந்தான் கால். உசிலம்பட்டியில யாரோ 'சோ'. ஊரையே ஏமாத்தி ஷெட்டைப் பூட்டிக்கிட்டவன், அளவுச் சீட்டை மட்டும் ஆணியில குத்தி வச்சிருக்கான் பாருங்க."

"தையக்காரன் சீட்டு இல்லாம வெட்ட மாட்டான். அவன் கையி அப்படிப் பழகிருச்சு," என்றார் வெள்ளைத்துரை. "எனக்குச் சந்தேகம் மகன் மேல இல்ல. முப்பது வருசம் சீட்டு எழுதுன மாஸ்டருக்கு இது பழைய பில்லாத் தெரியுது. அப்புறம், மகன் கெட்டுப்போறான்னு பயப்படுற தகப்பன், அவங்க என் மகன்கிட்ட என்ன சொல்றாங்கன்னுதான கேப்பான். இவரு, மகன் என்ன சொல்லியிருக்கான்னு கேக்குறாரு."

மீனா தன் வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தங்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்த மனிதர் மேலேயே சந்தேகம் திரும்புவது அவளுக்கு இதுவே முதல் தடவை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குச் சிராஜின் பைக் சந்தை விட்டு வெளியே வந்தது. காளவாசல் தாண்டித் தேனி ரோட்டில் ஏறியது. ஸ்கூட்டரில் மீனா, அவளுக்குப் பின்னால் வெள்ளைத்துரை. தன் உயரத்துக்குத் தைக்காத வண்டியில் சிராஜ் கூனிக் குறுகி, நாற்பதைத் தாண்டாமல் போனான். இவ்வளவு மெதுவாகப் போகிறவனைப் பின்தொடர்வது வேகமாகப் போகிறவனைத் தொடர்வதைவிடக் கஷ்டம் என்று மீனா புலம்பினாள். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் தங்களைத் தாண்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டிக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், பைக் இடது பக்க மண் பாதையில் இறங்கியது. மானாவாரிக் காடு, சோளம் முழங்கால் உயரம் நின்றது. பாதை முடிவில் ஓட்டு வீடு, மூன்று கறவை மாடுகள், வீட்டுக்கு முன்னால் களம். ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு, மாடு விலைக்கு இருக்கிறதா என்று விசாரிக்கிற சாக்கில் இருவரும் உள்ளே போனார்கள்.

சாக்குப் பலிக்கவில்லை. வீட்டுக்காரி ஒச்சாயி, எத்தனை பல்லு மாடு வேண்டும் என்று கேட்டாள். முப்பத்திரண்டு என்றார் வெள்ளைத்துரை; மாட்டுச் சந்தையில் எட்டுப் பல்லுக்கு மேல் கணக்கே கிடையாது. அவள் இடுப்பில் கை வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் களத்தில் பைக் சத்தம் கேட்கவே எல்லோருடைய கண்ணும் அங்கே போய்விட்டது.

பைக்கின் மேல் ஒச்சாயியின் புருஷன் சோணை இருந்தார். நாற்பது வயது, குட்டையான கட்டுமஸ்தான உடம்பு, வலது முட்டிக்குக் கீழே செயற்கைக் கால். அந்தக் கால் நீண்டு போய் முன்னால் தள்ளி வைத்த கம்பியில் பொருந்தி உட்கார்ந்தது. சிராஜ் கழுத்தில் இஞ்ச் டேப்போடு மண்ணில் மண்டியிட்டு, கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான். சட்டைக்குத் தோள் சரிபார்க்கிற மாதிரி இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு சோணை கிளம்பினார். முதல் சுற்றில் சிராஜ் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். இரண்டாவது சுற்றில் கையை விட்டுவிட்டான்.

மூன்றாவது சுற்றில் சோணை வாய்விட்டுச் சிரித்தார். வண்டியை நிறுத்தி, சிராஜின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

பையன் யார் என்று மீனா ஒச்சாயியிடம் கேட்டாள். ஒச்சாயி கொட்டிவிட்டாள். சோணை பால் கேனை சைக்கிளில் கட்டி மெயின் ரோட்டுச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறவர். அன்றைக்குச் சைக்கிள் பஞ்சர், ரோட்டோரம் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த கார் இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரை யாரும் பார்க்கவில்லை. இப்போது கேனைத் தூக்குவது ஒச்சாயிதான், தினமும் இரண்டு வேளை, மூன்று கிலோமீட்டர்.

"ஏத்துனவன் இவந்தான். ஏழு வாரத்துக்கு முன்னாடி இவனே வந்து நின்னு, நாந்தான்னு சொன்னான். வண்டி செஞ்சு தாரேன், அதை ஒப்படைச்சிட்டு திங்கக்கெழமை ஸ்டேசன்ல போயி நிக்கிறேன்னு சத்தியம் பண்ணிருக்கான். நிக்கட்டும். ஏழு வெள்ளியா வாரான், ஒரு சொம்பு தண்ணி குடுத்ததில்ல நான்."

"இது எப்ப நடந்ததுக்கா?"

"ரம்சானுக்கு முந்தின நாளு. பொழுது சாயுற நேரம்."

மீனாவுக்கு ஷெட்டில் கேட்டது ஞாபகம் வந்தது. பிறை பார்த்தாச்சு என்று சொல்கிற வரைக்கும் மெஷினை விட்டு எழுந்திருக்காத பையன் ஒருவனைப் பற்றி நேற்றுத்தான் அவள் கேட்டிருந்தாள். சொன்னவர் அவனுடைய தகப்பன். அவள் திரும்பி வெள்ளைத்துரையைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் அன்னிக்குக் கடையில இருந்தான்ணே," என்றாள் மெதுவாக. "டெலிவரிக்குப் போனது இவனில்ல."

"நேத்து நீ சொன்ன புரை ஆபரேஷன், எந்தக் கண்ணுக்கு?"

"இடது."

"ரோட்டோட இடது ஓரத்துல ஒரு ஆளு நடந்து போறாரு. பின்னால வர்ற கார்ல இடிக்கிறது இடது ஹெட்லைட். அடிபடுறது ரோட்டுப் பக்கம் இருக்குற வலது காலு."

மெயின் ரோட்டில் சிராஜைப் பிடித்தார்கள். வெள்ளைத்துரை தன்னை இன்னார் என்று சொன்னதும் பையன் ஓடவில்லை, பைக்கை ஓரங்கட்டி ஸ்டாண்டைப் போட்டான். அத்தாதான் அனுப்பினாரா என்று தகப்பனைப் பற்றி மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்பது போலப் பேசினான். பெருநாள் முடிந்து காரைக் கழுவியது அவன்தான். இடது ஹெட்லைட் உடைந்திருந்தது. நாய் குறுக்கே வந்துவிட்டது என்றார் அத்தா.

"பம்பர் இடுக்குல ஒரு துண்டுத் துணி சிக்கியிருந்துச்சுண்ணே. கட்டம் போட்ட கைலி. நாய் கைலி கட்டாதுல்ல."

அத்தா அன்றைக்கு உசிலம்பட்டிக்குத்தான் டெலிவரி கொண்டுபோனார் என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்த ரோட்டில் டீக்கடை டீக்கடையாக விசாரித்திருக்கிறான். கண்டுபிடிக்க நாலு மாசம் ஆனது. சோணையை முதல் நாள் பார்த்தபோது, அவர் திரும்பவும் வண்டி ஓட்டினால்தான் வீடு நிமிரும் என்று புரிந்தது. காலைத் தரையில் ஊன்றி உட்காரத் தாழ்வான வண்டி வேண்டும். அதனால் க்ரூஸர். வண்டியில் செய்த மாற்றங்களை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி எழுதி வாங்கவும் விண்ணப்பம் போட்டுவிட்டான்.

அப்பாவின் பழியை ஏன் தலையில் போட்டுக்கொண்டான் என்று மீனா கேட்டாள். அத்தாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரைக்கு இரண்டு வேளை ஊசி, ஜெயிலில் யார் போடுவார்கள் என்றான். அத்தாவிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று வெள்ளைத்துரையின் கையைப் பிடித்தான்.

"தம்பி, என்னைக் கூப்பிட்டது அவரு. நான் அவருக்குத்தான் ரிப்போர்ட் குடுக்கணும்," என்றார் வெள்ளைத்துரை.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் மீனா ரோட்டையே பார்த்து ஓட்டினாள். காளவாசலில்தான் கேட்டாள். மகன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரிந்தால் அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். திங்கட்கிழமை பையன் உள்ளே போய்விடுவான். நாம் அதற்குத்தானா இரண்டு நாள் அலைந்தோம்?

சனிக்கிழமை காலை பத்து மணி. அதே ஷெட், அதே கள்ளச்சாவி. நைனா முகமது கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார். யாரைப் பார்க்கப் போகிறான் என்பதை அவர் கேட்கவே இல்லை.

"என்ன சொல்லியிருக்கான்?" என்றார்.

"காரை ஓட்டுனது தான்தான்னு சொல்லியிருக்கான்."

அந்த வார்த்தை அவருக்குள் இறங்க நேரம் பிடித்தது. மீனா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அதில் வந்தது நிம்மதி. அவள் அதைப் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை உங்கள் மகன் ஸ்டேஷனில் போய் நிற்கப் போகிறான் என்று வெள்ளைத்துரை அடுத்த வரியையும் சொன்னார். ஏழு வெள்ளியாக அந்த வீட்டில் அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கிடையாது என்பதையும் சொன்னார். அந்த நிம்மதி மெல்லக் கரைந்து, பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

அந்த ஆள் விழுந்து கிடந்ததைக் காரின் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன் என்றார் நைனா முகமது. அவ்வளவுதான் சொன்னார். நாய் என்று அவர் நம்பவே இல்லை.

அவருடைய விரல் தானாகச் சீட்டின் தையலைத் தடவியது. ஓரத்தில் ஒரு இடத்தில் நின்றது. பையன் இழுத்த சாக்பீஸ் கோட்டைத் தாண்டித் தையல் கால் அங்குலம் உள்ளே போயிருந்தது. மெஷினில் ஒரு நாளும் தவறாத கை அது. எழுந்து, ஆணியில் இருந்த அளவுச் சீட்டை எடுத்தார். 'டெலிவரி திங்கள்' என்ற கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு காரின் உறையை முழுசாக இழுத்துக் கீழே போட்டார். ஒரு கண் பளிச்சென்றும் ஒரு கண் மங்கியும் கார் அவர்களைப் பார்த்தது.

மீனா சட்டென்று கதவுப் பக்கம் நகர்ந்து வழியை மறித்து நின்றாள். காரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவாரோ என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் விடவில்லை.

நைனா முகமது கார்ச் சாவியை அவளிடமே நீட்டினார். இந்தக் காரை இனி நான் தொட மாட்டேன், நீங்கள் ஓட்டுங்கள் என்றார். முதலில் அந்த மண் பாதை வீடு, அங்கிருந்து ஸ்டேஷன்.

"திங்கக்கிழமைதான பாய் டெலிவரி," என்றாள் மீனா. சொன்ன பிறகுதான், அதைக் கிண்டலாகச் சொல்ல நினைத்தும் குரல் அப்படி வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"மகன் போக வேணாம். டெலிவரிக்கு எப்பவும் நான்தான் போறது."